வண்டிக்கு வைத்தியம்: கம்பனியிலா, கராஜிலா?

வீடு, வளவு, நகை என்பவற்றுக்கு அடுத்தபடியாக நம் நாட்டு நடுத்தரக் குடும்பமொன்று பெருந்தொகைப் பணத்தை முடக்கியிருக்கும் உடைமை மோட்டார் காரே ஆகும். அதனை வாங்கும்போது பல நாள் ஆராய்கிறோம், பலரிடம் விசாரிக்கிறோம், நல்ல நாளும் பார்க்கிறோம். ஆனால், அது பழுதுபட்டு நிற்கும் நாளில் யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு அரை நாழிகைச் சிந்தனையைத்தானும் நாம் செலவிடுவதில்லை. "கம்பனிக்குக் கொண்டுபோனால் தோலை உரித்துவிடுவார்கள்" என்று மாமனார் சொல்வார். "கராஜில் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதைப் பூட்டிவிடுவார்கள்" என்று மைத்துனர் சொல்வார். இருவரில் எவர் குரல் ஓங்குகின்றதோ அவர் காட்டிய திசையில் வண்டி இழுத்துச் செல்லப்படும்.

கம்பனி என்று நாம் இங்கே கூறுவது, காரை உற்பத்தி செய்தவரின் அங்கீகாரம் பெற்ற முகவர் நடத்தும் வேலைத்தலத்தை. கராஜ் என்பது எந்த முகவரையும் சாராது, தன் கைத்திறனையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் முதலாகக் கொண்டு ஒருவர் நடத்தும் வேலைத்தலம். இவ்விரண்டுள் எது சிறந்தது என்று கேட்பதே பிழையான கேள்வி என்பது நமது கருத்து. எந்த வேலைக்கு எது ஏற்றது என்று கேட்பதே முறை.

இக்கேள்வி முன்னெப்போதையும்விட இன்று கனமானது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மீண்டும் நாட்டுக்குள் வர 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில், 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபாவரை உயர்ந்தது. ஐந்தாண்டு பாவித்து விற்றுவிடலாம் என்று வாங்கிய காரைப் பத்தாண்டும் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. கார் முதுமையடைந்தது, உதிரிப்பாகத்தின் விலையோ இளமையோடு ஏறியது. இந்நிலையில் ஒரு தவறான பழுதுபார்ப்பு, ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடும். பிழை பிறேக்கில் நேர்ந்துவிட்டாலோ, இழப்பது பணம் மட்டுமன்று.

கராஜ் வளர்ந்த கதை

நமது நாட்டில் கராஜ்காரர் செல்வாக்குப் பெற்றது தற்செயலான செய்தியன்று. ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் முதலிய ஆங்கிலேயக் கார்கள் முகவர்கள் மூலமே ஒரு காலத்தில் இங்கு வந்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, புதிய காரும் அரிதாயிற்று. புதிய உதிரிப்பாகமும் அரிதாயிற்று. தேய்ந்ததைக் கடைந்து, உடைந்ததை ஒட்டி, இல்லாததை லேத் இயந்திரத்திலே செய்து பூட்டும் கலை அந்நாளில்தான் வளர்ந்தது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர், யப்பானில் ஓடிப் பழகிய ரீகண்டிஷன் கார்கள் பெருகின. அவற்றுட் பெரும்பாலானவை முகவர் கையால் வராமல் தனி வணிகர் கையால் வந்தவை. ஆகவே, அவற்றின் தாய்வீடு கராஜாகவே அமைந்தது. கொழும்பிலே பஞ்சிகாவத்தை வீதியின் இரு மருங்கும் உதிரிப்பாகக் கடைகளால் நிரம்பியிருப்பது இந்த வரலாற்றின் கண்கண்ட சான்று.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கதையோ தனிக்கதை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்பது மருந்துபோலத் துளித்துளியாகக் கிடைக்கும் பொருளாயிற்று. அப்போது மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய என்ஜின்களின் அழுத்த விகிதம் குறைவு. சிறிதளவு பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு என்ஜினைக் கிளப்பிச் சூடேற்றிவிட்டால், பின்னர் அந்தச் சூட்டிலே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். புகை கக்கிக்கொண்டேனும் அக்கார்கள் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தன. அந்த ஆண்டுகளிலே வடக்கின் சாலைகளில் சக்கரங்கள் சுழன்றது, மரநிழலிலே ஒரு பெட்டிச் சாவிகளோடு வேலை செய்த கராஜ்காரர்களாலேயே.

அந்தத் திறமைக்குத் தலைவணங்கும் நாமே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய காரிலே காபுரேற்றர் இல்லை. பெற்றோலை அளந்து ஊட்டுவதும், தீப்பொறியின் நேரத்தைக் குறிப்பதும், பிறேக்கின் வழுக்கலைத் தடுப்பதும் சிறு கணினிகள். செவியால் கேட்டும் விரலால் தொட்டும் நோயறிந்த காலம் முற்றாக மறையவில்லை. ஆயினும் அது மட்டும் இன்று போதாது.

கம்பனியின் பலமும் பலவீனமும்

கம்பனியிடம் உள்ள முதற் பலம் அறிவு. ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய பழுதுபார்ப்புக் கைந்நூல், கணினி மென்பொருள், தொழிற்சாலை தரும் பயிற்சி ஆகியவை அங்கே உண்டு. இரண்டாவது பலம் உத்தரவாதம். புதுக் காருக்கு உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பனியை விட்டு விலகுவது புத்திசாலித்தனமன்று. அமெரிக்காவிலே, குறித்த நிறுவனத்தின் உதிரிப்பாகத்தையோ சேவையையோ விலைகொடுத்துப் பெற்றால்தான் உத்தரவாதம் செல்லும் என்று பொதுவாக நிபந்தனையிட முடியாதபடி 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. அந்தச் சட்டத்தை நம்பி இங்கே நாம் நடந்துகொள்ள இயலாது. நமது கையிலுள்ள உத்தரவாதப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளை வாசிப்பதே நமக்குரிய சட்டம்.

மூன்றாவது பலத்தைப் பலர் அறியார். உற்பத்தியில் நேர்ந்த குறையை உற்பத்தியாளரே கண்டறிந்து, விற்ற கார்களைத் திருப்பியழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுப்பதுண்டு. யப்பானிய டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப் பைகளின் கதை இதற்குத் தக்க சான்று. விபத்தின்போது பையை ஊதச் செய்யும் இரசாயனம், நாட்பட்ட வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் கெட்டு, அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளைச் சாரதியின்மேல் வீசியது. பல நாடுகளில் உயிர்கள் பலியாயின. கோடிக்கணக்கான கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் வங்குரோத்தடைந்தது. வெப்பமும் ஈரமும் நிறைந்த நமது நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியன்று. ரீகண்டிஷன் கார் வைத்திருப்போர், தமது காரின் சாசி இலக்கத்தை முகவரிடம் கொடுத்து, திருப்பியழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று ஒருமுறை விசாரித்தல் நன்று. எந்தக் கைதேர்ந்த கராஜ்காரரும் இவ்வேலையைக் கம்பனிக்குப் பதிலாகச் செய்துதர முடியாது.

இனிப் பலவீனத்தைப் பார்ப்போம். கம்பனியில் நாம் பேசுவது வரவேற்பு மேசையிலிருப்பவரோடு. காரைத் தொடுபவரோ உள்ளே இருக்கிறார். பல கம்பனிகளில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணித்தியாலம் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கூலி கணிக்கப்படும். வேலை விரைவில் முடிந்தாலும் கூலி குறையாது. பழுதான சிறு பாகத்தைத் திருத்துவதிலும் பார்க்க முழுத் தொகுதியையும் மாற்றுவதே அங்கு வழக்கம். அதில் வஞ்சகம் இருக்க வேண்டியதில்லை. தாம் பொறுப்பேற்கும் வேலையில் ஐயத்துக்கு இடம் வைக்க அவர்கள் விரும்புவதில்லை. ஆனால், அந்த ஐயமின்மைக்குரிய விலையைக் கொடுப்பவர் கார்ச் சொந்தக்காரரே.

கராஜின் பலமும் பலவீனமும்

கராஜில் வேலை செய்பவரோடு நேருக்கு நேர் பேசலாம். "பாஸ், இடப்பக்க முன்சில்லில் ஒரு சத்தம் கேட்குது, ஒருக்கால் ஓடிப் பாருங்கோ" என்றால், அவர் பக்கத்தில் ஏறி அமர்ந்து ஒரு சுற்று வருவார். காரின் சரித்திரம் அவர் நினைவிலே இருக்கும். செலவைக் குறைக்கும் வழிகளும் அவருக்குத் தெரியும்.

அவ்வழிகளுள் முதன்மையானது உதிரிப்பாகத் தெரிவு. கார் நிறுவனம் தன் காரின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. டென்சோ, ஐசின் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுப்பனவே கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டியில் விலைக்கு வருகின்றன. அதே நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் பாகம் பெரும்பாலும் மலிவு, தரத்திலே தாழ்ந்ததன்று. இதைக் கண்டறிந்து வாங்கித் தரும் கராஜ்காரர் நமக்கு உண்மையான நண்பர். இதற்கு மாறாக, பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிப் பெட்டிகளும் சந்தையில் உலாவுகின்றன. எண்ணெய் வடிகட்டியும் ஸ்பார்க் பிளக்கும் இவ்வாறு ஏமாற்றப்படுவதில் முன்னிற்பவை.

பாவித்த பாகங்களை வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. கதவு, கண்ணாடி, விளக்கு, ஸ்டாட்டர் மோட்டார் போன்றவற்றைப் பரிசோதித்து வாங்குவதில் தவறில்லை. பிறேக் பாட், பிறேக் குழாய், டைமிங் பெல்ட், டயர், காற்றுப் பை ஆகியவற்றைப் பாவித்த நிலையில் வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

கராஜின் பலவீனம் பெரும்பாலும் நோயறிதலிலே தோன்றுகிறது. இன்று சிறிய கராஜிலும் காரின் கணினியோடு பேசும் கருவி இருக்கின்றது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பொது முறைமையின் பயனாக, குறியீட்டு எண் ஒன்று திரையில் தோன்றிவிடும். ஆனால் அந்த எண், குறை எங்கே உணரப்பட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, எதனால் விளைந்தது என்பதைச் சொல்லாது. என்ஜினுக்கு எரிபொருள் போதவில்லை என்று குறியீடு காட்டினால், குறை உணர்கருவியில் இருக்கலாம். எரிபொருள் பம்பியில் இருக்கலாம். வெடித்த ஒரு றப்பர்க் குழாய் வழியே வெளிக்காற்று புகுவதாகவும் இருக்கலாம். எண்ணைக் கண்டவுடனே உணர்கருவியை மாற்றுபவர், காய்ச்சல் என்று கேட்டவுடனே இரத்தத்தையும் பாராமல் மருந்து கொடுப்பவரை ஒப்பார். அது சரிவராவிட்டால் இன்னொரு பாகம். அதுவும் சரிவராவிட்டால் மற்றொன்று. மலிவு என்று நம்பிப் போன கராஜ், கம்பனியிலும் பார்க்க அதிக விலையாகிவிடுவது இவ்வாறுதான்.

இருவர் சொல்வதும் உண்மையாகலாம்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் குடும்பமொன்றிடம் பத்தாண்டு கடந்த டொயோட்டா பிறியஸ் கார் ஒன்று இருக்கின்றது. 2010களில் வரிச் சலுகையின் பயனாக இத்தகைய ஹைபிறிட் கார்கள் நம் நாட்டில் பெருகின என்பதை நேயர்கள் அறிவார்கள். ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. பற்றறி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறது கம்பனி. இரண்டு துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் கராஜ்காரர். இரு தொகைகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இவர்களுள் யார் பொய் சொல்கிறார்?

இருவருமே பொய் சொல்லவில்லை. அந்தக் காரின் பற்றறி, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற்று அளவான 28 துண்டுகள் தொடராக இணைந்து, ஏறத்தாழ 200 வோல்ற்று மின்சாரம் தருவது. அவற்றுள் ஒன்றிரண்டு தளர்ந்தாலே முழுப் பற்றறியும் தளர்ந்ததுபோலாகும். அவற்றை மட்டும் மாற்றினால் கார் மீண்டும் ஓடும் என்று கராஜ்காரர் சொல்வது உண்மை. ஆனால் எஞ்சிய துண்டுகளும் அதே வயதினவே. சில மாதங்களில் இன்னொன்று தளரக்கூடும் என்று கம்பனி கருதுவதும் உண்மை. இன்னும் ஐந்தாண்டு வைத்திருக்க எண்ணுபவருக்கு முழுப் பற்றறி ஏற்றதாகலாம். கைவசம் பணமின்றி, பிள்ளையின் பரீட்சை முடியும்வரை கார் ஓடினாற் போதும் என்றிருப்பவருக்குத் துண்டு மாற்றுவதே தக்கதாகலாம். தீர்மானிக்க வேண்டியவர் கம்பனியாருமல்லர், கராஜ்காரருமல்லர், அந்தக் குடும்பத்தினரே. ஒன்று மட்டும் நிச்சயம்: செம்மஞ்சள் நிற மின்கம்பி ஓடும் இடத்தில், அதற்கெனப் பயிற்சி பெறாத எவரையும் கைவைக்க விடலாகாது. பின்னாசனத்தின் அருகே பற்றறிக்குக் குளிர்காற்று செல்லும் துவாரத்தைத் தூசு அடையாமல் வைத்திருந்தாலோ, பற்றறியின் ஆயுளும் நீளும். அதற்குச் செலவு மிகச் சொற்பம்.

எந்த வேலை எங்கே?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் ஒழுங்கு தானாகவே தோன்றும். உத்தரவாதம் உள்ளவரை கம்பனி. திருப்பியழைப்பு, காற்றுப் பை, மின்சாவி, கணினிப் பெட்டி ஆகியவற்றுக்கு எந்நாளும் கம்பனி, அல்லது அத்துறையில் தனித்தேர்ச்சி பெற்றவர். உத்தரவாதம் முடிந்த பின்னர் எண்ணெய் மாற்றல், பிறேக், சில்லுத் தாங்கிகள், றேடியேற்றர், குளிரூட்டி, ரின்கரிங், பெயின்ற் முதலிய வேலைகளுக்கு நல்ல கராஜ் தாராளமாகப் போதும். விபத்தின் பின்னரான வேலையாயின், முதலில் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டறிய வேண்டும். எங்கே திருத்துவது என்பதில் சில நிறுவனங்களுக்கு நிபந்தனைகள் உண்டு.

நடுவழியும் ஒன்று உண்டு. குறை என்னவென்று விளங்காதபோது கம்பனியில் பரிசோதனைக்கு மட்டும் பணம் கட்டி, அறிக்கையை எழுத்திற் பெற்று, வேலையைக் கராஜிற் செய்விக்கலாம். முகவரின் வேலைத்தலத்துக்கு நெடுந்தூரம் போகவேண்டிய வெளிமாவட்டத்தவர்க்கும் இம்முறை பயன்படும்.

நல்ல கராஜ்காரரை அறிவது எப்படி?

கார் நடுவீதியில் நின்ற பின்னர் மெக்கானிக்கைத் தேடுவது, மழை பெய்யும்போது கூரை வேய்வதை ஒக்கும். முன்கூட்டியே ஒரு சிறு வேலையைக் கொடுத்து அவரை அறிந்துகொள்ள வேண்டும். பாகத்தை மாற்றுமுன் பரிசோதிக்கிறாரா? ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பாமல், தாங்கி வைத்த பின்னரே காரின் கீழ் நுழைகிறாரா? கழற்றிய பழைய பாகத்தைக் கேளாமலே எடுத்துக் காட்டுகிறாரா? செலவு கூடுமென்று தெரிந்தால், தொடருமுன் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறாரா? இவற்றுக்கு ஆம் என்ற விடை கிடைத்தால் அவரைக் கைவிடாதீர்கள். எல்லாவற்றிலும் மேலாக, "ஐயா, இது எனக்குச் சரிவராது, கம்பனியில் காட்டுங்கோ" என்று ஒருவர் சொல்வாராயின், அவரே ஏனைய வேலைகளை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்.

பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுவோர் பலர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவதை வணிகரின் கடமையாக்கியுள்ளது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்ற பொறுப்பும் அச்சட்டத்தில் உண்டு. முறைப்பாடு செய்வதாயின், சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் எழுத்திற் செய்ய வேண்டும். இது கம்பனிக்கும் பொருந்தும், கராஜுக்கும் பொருந்தும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் நமது முறைப்பாட்டுக்குக் கால் இல்லை.

இவற்றோடு வீட்டிலே ஒரு கொப்பி வைத்துக்கொள்வது அவசியம். திகதி, கார் ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை, மாற்றிய பாகம், கொடுத்த பணம் என ஐந்து நிரல்கள் போதும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது விதி. டைமிங் பெல்ட் உள்ள கார்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றரில் அதனை மாற்ற வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் என்ஜினே சிதையக்கூடும். இவை நினைவில் நிற்பன அல்ல, கொப்பியில் நிற்பன. வீட்டுக் கணக்கைச் செம்மையாக எழுதும் தாய்மார் இக்கொப்பியையும் பொறுப்பேற்றால், கம்பனி மேசையிலும் கராஜ் வாசலிலும் அவர்களை ஏமாற்றுவது எளிதன்று. காரை விற்கும் நாளில் அக்கொப்பியே நல்ல விலையும் பெற்றுத் தரும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். கார்கள் கணினிமயமாகும்தோறும், அவற்றைத் திருத்தும் அறிவு உற்பத்தியாளரின் பூட்டிய அறைக்குள் அடங்கிவிடும் அபாயம் உண்டு. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் இதனை உணர்ந்து, பழுதுபார்ப்புக்குரிய தகவலைத் தனிக் கராஜ்களுக்கும் வழங்கவேண்டும் என்று 2012ஆம் ஆண்டில் வாக்களித்துச் சட்டமாக்கினார்கள். நமது நாட்டிலும் கராஜ்காரரின் பிள்ளைகளும் கையாட்களும் புதிய முறைகளைக் கற்க வழி பிறக்க வேண்டும். இறக்குமதி நின்ற நாளிலும் பாதை மூடிய நாளிலும் நம் கார்களை ஓடவைத்தவர்கள் அவர்களே. கம்பனிக்குரிய வேலையைக் கம்பனிக்கும், கராஜுக்குரிய வேலையை நியாயமான கூலியோடு கராஜுக்கும் கொடுப்போமாயின், இரண்டும் நமக்குத் துணையாக நிற்கும். அடுத்த முறை எச்சரிக்கை விளக்கு எரியும்போது, மாமனாரும் மைத்துனரும் வழக்காடத் தொடங்குமுன், அந்தக் கொப்பியை எடுத்து மேசையில் விரியுங்கள்.